குரங்குக் காய்ச்சலும் ஒரு துரையின் பெயரும்

பினாங்குத் தண்ணீர்மலையின் அடிவாரத்தில், 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாவரத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குச் செல்லும் நம்மவர் பலர், மரங்களையும் செடிகளையும் பார்ப்பதைவிடக் குரங்குகளைப் பார்ப்பதிலேயே அதிகப் பொழுதைப் போக்குவர். நீண்ட வாலுடைய இக்குரங்கை மலாய்க்காரர் 'கெரா' என்பர். தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் குட்டைவாற் குரங்குக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'பெரூக்'.

இவ்விரு குரங்கினங்களின் உதிரத்திலும் வாழக்கூடிய ஓரணு உயிர் ஒன்று உண்டு. இரத்தத்தின் சிவப்பணு ஒன்றினுள்ளே அடங்கிவிடத்தக்க அத்துணைச் சிறியது அது. விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்பதாம். அப்பெயரின் பொருள் யாது, அது எங்கே, எப்பொழுது, யாரால் இடப்பட்டது, இட்ட பெயர் பொருத்தமுடையதுதானா என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் பெயரில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கின்றது. அக்கிருமி பிடித்த நோயாளிகள் பல ஆண்டுகள் வேறொரு கிருமியின் பெயரால் பதியப்பட்டு வந்தனர். அப்பெயர் மாற்றத்திற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு.

பினாங்கின் சரித்திரமே காய்ச்சலோடு தொடங்கியதெனலாம். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேப்டன் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோது கரையோரம் காடாக இருந்தது. காட்டை விரைந்து வெட்டுவிக்கும் பொருட்டு, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பி அவர் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும் காடு வெட்டப்பட்டது மெய். வெட்டுவித்தவரே 1794ஆம் ஆண்டு அக்டோபரில் மலேரியாக் காய்ச்சலால் இறந்ததும் மெய். முன்னாளில் நார்தாம் ரோடு எனப்பட்ட சாலையிலுள்ள பழைய புரொட்டஸ்டண்டு இடுகாட்டில் அவர் சமாதியைக் காணலாம். அவருக்குப் பின் கப்பல் கப்பலாக வந்திறங்கிய நம்மவர்க்கோ பெரும்பாலும் சமாதியும் இல்லை, கல்லும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கூலியாட்களை ஜெரஜாக் தீவில் நிறுத்திவைத்து, தொற்றுநோய் இல்லை என்று கண்டபின்பே தோட்டங்களுக்கு அனுப்பினர். மலேரியாவோ அவர்களோடு கப்பலில் வரவேண்டிய அவசியம் இல்லாதது. அது தோட்டத்திலேயே காத்திருந்தது.

இந்நோயை ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு குறிகொண்டு அழைத்தனர். 'மலேரியா' என்பது இத்தாலியச் சொல். 'மல்' என்பது கெட்ட, 'ஆரியா' என்பது காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்று அந்நாட்டார் எண்ணியதால் பிறந்த பெயர். மலாய்க்காரர் 'டெமாம் கூரா' என்றனர். 'டெமாம்' என்றால் காய்ச்சல், 'கூரா' என்றால் மண்ணீரல். நாட்பட்ட நோயாளியின் இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிக் கட்டிபோல் கைக்குத் தட்டுப்படுவதைக் கண்டு இட்ட பெயர் அது. நம்மிடத்தும் 'காய்ச்சற்கட்டி' என்ற சொல் இருந்ததுண்டு. ஆயினும் தமிழர் பெருவழக்காகச் சொன்னது குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்பனவே. இன்ன நாளில் விட்டு இன்ன நாளில் வரும் என்ற முறையை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது, இருநாள் விட்டு வருவது, நாள்தோறும் வருவது என்று பாட்டிமார் பிரித்தறிந்தனர். ரோமரும் இவ்வாறே எண்ணினர். ஆனால் காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்து எண்ணியதால், நமக்கு ஒருநாள் விட்டு வரும் காய்ச்சல் அவர்களுக்கு 'மூன்றாம் நாட் காய்ச்சல்' ஆயிற்று. இத்தாலியர் காற்றைப் பழித்தனர். மலாய்க்காரர் வயிற்றைத் தடவிப் பார்த்தனர். தமிழர் நாளை எண்ணினர்.

நம் முன்னோரின் பெயரே உயர்ந்தது என்று பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நாளைச் சரியாக எண்ணியவர்கள் காரணத்தைக் காணவில்லை. காரணம் கேட்டபோது பேய் என்றும் அம்மனின் கோபம் என்றும் சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினர். காய்ச்சல் விடும் நாளில் விட்டது. வரும் நாளில் வந்தது. நடுவே மந்திரவாதிக்கு ஒரு கோழி கிடைத்ததுதான் கண்ட பலன்.

காரணத்தை முதலிற் கண்டவர் பிரெஞ்சுப் படையின் வைத்தியரான லாவெரான். 1880ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியில், காய்ச்சற்காரர் ஒருவரின் இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, உயிருள்ள பொருள் ஒன்று அசைவதைக் கண்டார். 'ஆஸில்லேரியா மலேரியே' என்று அதற்குப் பெயரிட்டார். முற்சொல் ஆடி அசையும் ஒருவகைப் பாசியின் பெயர். பிற்சொல் 'கெட்ட காற்றினுடைய' என்று பொருள்படும். கெட்ட காற்று காரணமன்று என்பதைக் கண்டுபிடித்த அன்றே, கண்டுபிடித்தவரே, கெட்ட காற்றின் பெயரை அதன்மேல் ஏற்றிவிட்ட விந்தையை நோக்குக! 1885இல் மார்க்கியாபாவா, செல்லி என்ற இத்தாலியர் இருவர் 'பிளாஸ்மோடியம்' என்று பெயரை மாற்றினர். 'பிளாஸ்மா' என்ற கிரேக்கச் சொல் வனைந்து உருவாக்கப்பட்டது என்று பொருள்படும். அதனோடு வடிவம் என்ற பொருளுடைய ஈறு சேர்ந்தது. மழைக்காலத்தில் உளுத்த மரத்தின்மேல் வழவழவென்று படரும் ஒருவகைப் பூஞ்சணத்திற்கு அச்சொல் முன்னரே வழங்கியது. சிவப்பணுவினுள் நெளியும் இவ்வுயிரும் அதுபோல் தோன்றியதால் அப்பெயரை எடுத்துக்கொண்டனர். பூஞ்சணத்திற்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஆக முதற்பெயரும் பிழை, இரண்டாம் பெயரும் பிழை, இரண்டாவது நிலைத்துவிட்டது.

பின்னர் இனம் பிரித்துப் பெயர்கள் இடப்பட்டன. துடிப்பாக நெளிவது 'வைவாக்ஸ்'. அரிவாள் போன்ற பிறைவடிவைத் தாங்குவது 'பால்சிபாரம்'. முட்டைவடிவாக இருப்பது 'ஓவேல்'. நான்காவது பழைய கெட்ட காற்றையே வைத்துக்கொண்ட 'மலேரியே'. முதல் மூன்றும் கண்ணாடியின் வழியே கண்ட தோற்றத்தைச் சொல்கின்றன. எத்தனை நாளுக்கொருமுறை காய்ச்சல் வரும் என்பதை நான்கில் ஒன்றும் சொல்லவில்லை.

கொசுவே இதனைப் பரப்புவது என்பதை 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்ட வரலாற்றைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். அவருக்குத் தன் உடம்பைக் கொடுத்துக் கொசுக்கடி பட்ட நோயாளி ஹுசேன் கான் என்பவரையோ, ஒரு கொசு கடித்தால் ஓர் அணா என்று அவருக்குக் கூலி தரப்பட்டதையோ எத்தனை பேர் அறிவர்? பினாங்கில் 1879இல் பிறந்து, பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிப் புகழடைந்த டாக்டர் வூ லியன் தே, லிவர்ப்பூலில் இந்த ராஸிடமே பயின்றவர் என்பதை இவ்விடத்து இடைப்பிறவரலாகச் சொல்லி மேற்செல்வோம்.

பெயர் தெரியாமையால் வரும் கேட்டுக்குக் கொசுவே ஒரு சான்று. 1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும் அப்பொழுதுதான் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா கொள்ளைகொண்டபோது, மால்கம் வாட்சன் என்ற வைத்தியர் காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார், காய்ச்சல் தணிந்தது. கண்ட வழி நன்றென்று மலைப்பாங்கான தோட்டங்களிலும் காட்டை வெட்டினார்கள். அங்கே காய்ச்சல் மிகுந்தது! காரணம் யாதெனில், சமநிலத்தில் இருந்தது காட்டு நிழலிலுள்ள தேங்குநீரில் முட்டையிடும் 'அம்புரோசஸ்' என்னும் கொசு. மலையில் இருந்தது வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் 'மாக்குலேட்டஸ்'. முன்னதை ஒழித்த வெளிச்சம் பின்னதை வளர்த்தது. இரண்டையும் கொசு என்ற ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருந்த வரையில் இவ்வேறுபாடு விளங்கியிராது. விளங்குவதற்குள் அத்தோட்டங்களின் லயங்களில் மாண்டவர்களுள் மிகப் பலர் தமிழர்.

நிற்க. நம் பொருளுக்கு வருவோம். 'நோலெசி' என்னும் பெயர் பிறந்த இடம் கல்கத்தா. அங்குள்ள வெப்பநாட்டு நோய் ஆராய்ச்சிப் பள்ளியில் நேப்பியர் என்ற வைத்தியரின் கீழ்க் காலா அஸார் என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த காம்பெல் என்பவர், 1931ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு நீண்டவாற் குரங்கின் இரத்தத்தில் இதுவரை காணாத ஒரு கிருமியைக் கண்டார். தண்ணீர்மலையில் நாம் காணும் அதே இனத்துக் குரங்கு. நேப்பியர் அவ்விரத்தத்தை வேறு மூன்று குரங்குகளுக்கு ஏற்றினார். அவற்றுள் ஒன்று வடஇந்தியாவில் எங்கும் திரியும் செம்முகக் குரங்கு. மலாய் நாட்டுக் குரங்கில் அமைதியாகக் கிடந்த கிருமி, செம்முகக் குரங்கின் உடம்பில் ஏறியவுடன் தீப்போற் பரவிற்று. உடனே அதனை அப்பள்ளியின் ஓரணு உயிரியற் பேராசிரியரான லெப்டினண்ட் கர்னல் ராபர்ட் நோல்ஸிடம் ஒப்படைத்தனர். அவரும் அவருக்குத் துணையாக இருந்த பி. எம். தாஸ் குப்தாவும் அதனைக் குரங்குக்குக் குரங்கு மாற்றி உயிரோடு காத்து ஆராய்ந்து, 1932ஆம் ஆண்டில் இருவர் பெயராலும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனிதருக்கும் அவ்விரத்தத்தை ஏற்றிக் காய்ச்சல் உண்டாக்கிக் காட்டியது அக்கட்டுரையின் முக்கியமான செய்தி. அடுத்து, கசௌலி மலையில் மலேரியா ஆராய்ச்சியை நடத்தி வந்த சிண்டன், முல்லிகன் என்ற இருவர் இது புதிய இனமே என்று துணிந்து, நோல்ஸை மதிக்குமுகமாக 'நோலெசி' என்று பெயரிட்டனர்.

இனிப் பெயரின் இலக்கணத்தைப் பார்ப்போம். 'நோலெசி' என்பதன் இறுதியிலுள்ள 'இ', இலத்தீன் மொழியில் நம் ஆறாம் வேற்றுமைக்கு ஒப்பான உருபு. ஆகவே 'நோல்ஸினுடையது' என்பதே சொற்பொருள். ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் கூறி, அதனைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் நம் இலக்கணிகள் பகுப்பர். சாத்தனது கை என்பது தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. நோல்ஸினது கிருமி எக்கிழமை? அவர் உடம்பில் அது உண்டாகவில்லை. அவர் விலைகொடுத்து வாங்கியதும் அன்று. சிங்கப்பூர்க் குரங்கில் இருந்தது, காம்பெல் கண்டது, நேப்பியர் ஏற்றியது, தாஸ் குப்தா காத்தது. இத்தனை கை மாறி வந்த பொருளுக்கு ஒருவர் மட்டும் உடைமைக்காரர் ஆயினார்.

நோல்ஸைக் குறைகூறுவது நம் கருத்தன்று. அவர் பெயரை அவரே இட்டுக்கொள்ளவில்லை. அங்ஙனம் இட்டுக்கொள்வது விஞ்ஞானிகளின் மரபும் அன்று. பிறர் மதித்து இட்டனர். நம் வினா வேறு. கட்டுரையின் தலைப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன; கிருமியின் தலையில் ஏறியது ஒன்று. உத்தியோகத்தில் உயர்ந்தவர் பெயர் ஏறுவதும், அவரோடிருந்த வங்காளியின் பெயர் நூலகத்து அலமாரியில் தங்குவதும் அக்காலத்தில் யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை என்பதே கவனிக்கற்பாலது. கொசுவுக்கு ஓரணா வாங்கிய ஹுசேன் கானைப்போல, உடம்பில் குரங்கின் உதிரத்தை ஏற்றிக்கொண்ட மனிதர்களும் எந்தப் பெயரிலும் இல்லை.

இப்பெயரிட்ட சில ஆண்டுகளில் அக்கிருமிக்கு ஒரு வேலையும் கிடைத்தது. மேகநோய் மூளையைத் தாக்கிப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அக்காய்ச்சலின் சூட்டால் நோயைத் தணிக்கும் முறை அன்று வழக்கில் இருந்தது. அதனைத் தொடங்கிய வியன்னா நகரத்து வாக்னர் யாரெக் 1927இல் நோபல் பரிசும் பெற்றார். நோலெசியையும் அவ்வாறு பயன்படுத்தினர். ருமேனியாவில் மனிதரிலிருந்து மனிதருக்கு 170 முறை மாற்றியபின், அதன் கடுமை அடக்கவொண்ணாததாகிக் கைவிட நேர்ந்தது. மனித உடம்பில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. அப்படியிருந்தும், ஊசியால் ஏற்றினாலன்றிக் காட்டில் தானாக அது மனிதரைப் பிடிக்காது என்றே பலரும் நம்பியிருந்தனர்.

1965ஆம் ஆண்டில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. பகாங் காட்டில் சில இரவுகள் வேலைசெய்த அமெரிக்க நில அளவைக்காரர் ஒருவர் ஊர் திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். முதலிற் பார்த்தவர்கள் பால்சிபாரம் என்றனர். பிறகு மலேரியே என்றனர். அவருடைய இரத்தத்தை, முன்வந்த சிறைக்கைதிகளுக்கும் செம்முகக் குரங்குகளுக்கும் ஏற்றினர். குரங்குகள் மாண்டன. அதன்பின்பே நோலெசி என்று தெளிந்தது. மனிதருக்கு மட்டும் உரிய கிருமி குரங்கைக் கொல்லாதன்றோ? பின்பு பகாங் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமவாசிகளின் இரத்தத்தைக் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே அமெரிக்கருக்கு நேர்ந்தது அபூர்வமான விபத்து என்று சொல்லி ஏட்டை மூடிவிட்டனர்.

மூடிய ஏடு திறக்க ஏறக்குறைய 40 ஆண்டு சென்றது. சரவாக்கில் காப்பிட் என்னும் காட்டுப்பகுதியில் மலேரியே வகைக் காய்ச்சல் மிகுதியாகக் காணப்பட்டது. மலேரியே என்பது மெல்ல வளர்வது. இரத்தத்தில் கிருமி குறைவாகவே இருக்கும். உயிருக்கு அரிதாகவே கேடு செய்யும். காப்பிட் நோயாளிகளுக்கோ கிருமியும் மிகுதி, நோயும் கடுமை. இப்பொருத்தமின்மையை ஐயுற்ற பல்பீர் சிங், ஜானட் காக்ஸ் சிங் முதலிய சரவாக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கிருமியின் மரபணுவையே பிரித்தெடுத்துச் சோதித்தனர். 2004ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்கு நோலெசி! உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது இளம் பருவத்தில் பால்சிபாரத்தைப் போலவும், முதிர்ந்த பருவத்தில் மலேரியேயைப் போலவும் தோன்றுகின்றது. அமெரிக்கருக்கு நிகழ்ந்த அதே மயக்கம். 1996ஆம் ஆண்டின் பழைய இரத்தச் சில்லுகளை எடுத்துப் பார்த்தபோது, மலேரியே என்று சீட்டு ஒட்டியிருந்தவற்றில் பெரும்பாலானவை நோலெசியாகவே இருந்தன. 2008இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, சரவாக்கில் இறந்துபோன நால்வரை விவரித்தது. அவர்களுடைய சீட்டிலும் மலேரியே என்றே இருந்தது.

கொல்வதற்குக் காரணம் யாதெனில், வைவாக்ஸ் 48 மணிக்கொருமுறையும் மலேரியே 72 மணிக்கொருமுறையும் பெருகுகின்றன. நோலெசி 24 மணிக்கொருமுறை பெருகுகின்றது. இன்று கண்ட கிருமி நாளை பன்மடங்கு. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பழைய குளோரோகுயின் மாத்திரைக்கே அது அடங்கும். மருந்து சென்று சேரத் தாமதிக்கும் ஒருநாள்தான் ஆளைக் கொல்வது. மலேரியே என்று சீட்டு எழுதியவர் அவசரமில்லை என்று எண்ணினால், அதனைக் குற்றமென்று எப்படிச் சொல்வது? அவர் கையிலிருந்த பெயர் அப்படிச் சொல்லிற்று.

பாட்டிமார் எண்ணிய முறைக்கு இங்கேதான் மதிப்பு வருகின்றது. நாள்தோறும் வரும் காய்ச்சல் என்ற நம் சொல்லில், இக்கிருமியின் மிகப் பெரிய ஆபத்து அடங்கியிருக்கின்றது. நோல்ஸினுடையது என்ற சொல்லில் அஃது இல்லை. ஆனால் அன்றாடக் காய்ச்சலெல்லாம் நோலெசி என்று முடிவு கட்டிவிடவும் ஆகாது. பிற மலேரியாக்களும் தொடக்கத்தில் முறைதவறி நாள்தோறும் காய்வதுண்டு. நாளை எண்ணுவதால் ஐயம் பிறக்கலாம். துணிபு பிறப்பது இரத்தச் சோதனையால். காட்டுக்குள் போய்வந்ததை வைத்தியரிடம் சொல்லாது மறைப்பவரும், முதல் மூன்று நாளை வேப்பிலையிலும் விபூதியிலும் கழிப்பவரும், பெயரிட்ட துரைமாரைக் குறைசொல்ல உரிமையற்றவர்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். மரபணுவை ஆராய்ந்தவர்கள், இக்கிருமி மனிதர் தென்கிழக்காசியாவில் குடியேறுமுன்பே குரங்குகளிடத்து இருந்ததென்று கணித்திருக்கின்றனர். அன்று பிறந்தது கிருமியன்று, அதனைக் குறிக்கும் வழக்கே. அவ்வாறாகத் தொன்றுதொட்டுக் காட்டில் கிடந்த உயிர் இன்று ஊருக்குள் பேசப்படுவது, காட்டை வெட்டி எண்ணெய்ப்பனையும் பிற பயிரும் வைத்து, குரங்கின் இருப்பிடத்துக்குள் மனிதர் சென்று உழைப்பதால். நோயுறுவோர் பெரும்பாலும் தோட்டத்திலும் வயலிலும் காட்டு வேலையிலும் உள்ள ஆண்மக்கள்.

2018ஆம் ஆண்டில் மலேசியா, உள்நாட்டில் பிடித்த மனித மலேரியா ஒருவருக்கும் இல்லை என்ற நிலையை முதன்முறையாக எய்திற்று. வாட்சன் காலத்துத் தோட்டங்களை நினைப்பவர் இதனை மகத்தான வெற்றி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே 2018ஆம் ஆண்டில் அதே நாட்டில் நோலெசியால் காய்ச்சலுற்றவர் 4,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் இறந்தோரும் உண்டு. இரண்டு கணக்கும் ஒருசேர உண்மையாவது எங்ஙனம் என்று கேட்போமாயின், நோலெசி 'குரங்கு மலேரியா' என்ற தலைப்பின்கீழ் வேறாக எழுதப்படுவதால்தான். கிருமியைத் தரம் பிரித்து எழுதுவதில் நியாயம் உண்டு. குரங்கிடமிருந்து வருவதைத் தடுக்கும் வழி வேறாதலின் கணக்கும் வேறாக இருக்கவேண்டியதே. ஆயினும் முதற்கணக்கை மட்டும் படித்துவிட்டு மகிழ்ந்து போகிறவர்களுக்கு, இரண்டாம் கணக்கில் இருப்பவர்களும் மனிதர்தாம் என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட்டுக் காட்டவேண்டும் என்பது நம் கோரிக்கை.